உடைத்ததும் திறந்ததும்

சாவிக்காரர் என்று சொன்னால்தான் அவரை யாருக்கும் தெரியும். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய குடையின் கீழ், அரமும் கம்பியும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கைபட்டுத் திறந்த பூட்டில் ஒரு கீறல் இருக்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம். மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் தலைக்கனம் வேண்டியதுதான். ஆனால் கோர்ட்டுக் கூண்டில் ஏறுகிறவர் செருப்போடு அதையும் கழற்றி வெளியே வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை.

ஒருநாள் காய்கறிப் பையோடு ஒருவன் வந்தான். "சாவியைத் தொலைச்சிட்டேன் அண்ணே, அடுப்பை அணைச்சேனான்னு வேற தெரியலை" என்று பதறினான். சாவிக்காரரும் பதறி ஓடி, பூட்டைத் திறந்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அது அவன் வீடே இல்லை. மாலைக்குள் பீரோவைத் துடைத்துவிட்டுப் போய்விட்டான்.

போலீசும் சும்மா இருக்கவில்லை. எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவனைத் தேடுவதைவிட, தினமும் ஒரே குடைக்கடியில் இருப்பவரைப் பிடிப்பது சுலபம். பூட்டை உடைத்துத் திருடியதாக வழக்கு.

அரசாங்கம் கொடுத்த இலவச வக்கீல் ஒரு சின்னப் பெண், கெட்டிக்காரி.

"அண்ணே, ஸ்டேஷன்ல நீங்க சொன்னது கோர்ட்டுல செல்லாது. திறந்ததைப் பாத்த சாட்சியும் இல்லை. நிரூபிக்க வேண்டியது அவங்க. நீங்க பேசாம இருக்கலாம். அது உங்க உரிமை."

"நடந்ததைச் சொல்லக் கூடாதா மேடம்?"

"காய்கறிப் பைக்காரனைக் கூட்டிட்டு வாங்க, சொல்லலாம்."

மனைவிக்கு இது ரொம்பச் சின்ன வேலையாகத் தெரிந்தது. "கல்யாணமானதுலேர்ந்து என்கிட்ட பேசாமத்தானே இருக்கீங்க? அங்கேயும் அப்படியே இருங்க."

இருந்தார். கோர்ட்டில் முதல் சாட்சி வந்தார், சாவிக்காரர் பேசவில்லை. இரண்டாவது சாட்சி என்னவோ உளறினார், அப்போதும் பேசவில்லை. வக்கீலுக்கு முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்துவிட்டது. கடைசியில் இன்ஸ்பெக்டர் ஒரு துணி மூட்டையைப் பிரித்து மேஜைமேல் பூட்டை வைத்தார்.

கொண்டி வளைந்து, வயிறு நசுங்கி, சுத்தியலால் அடித்த அடி அத்தனையும் தெரிந்தது. வழக்கு 'உடைத்து' என்று சொல்லும்போது பூட்டு முழுசாக வந்து நின்றால் நன்றாகவா இருக்கும்? யார் கைவரிசை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

"அட பாவிகளா!" கூண்டிலிருந்து குரல் வந்தது. "யாருய்யா இதை இப்படிப் போட்டு அடிச்சது? நான் திறந்தப்போ ஒரு கீறல் விழலையே!"

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி நல்லவர், பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. திறந்தது நீதானா?"

"நான்தாங்கய்யா. ஆனா உடைக்கலை. திறந்தேன். கம்பியைக் குடுங்க, இதே மாதிரி வேற பூட்டுல செஞ்சு காட்டறேன்."

குமாஸ்தா வரிக்கு வரி தட்டச்சு செய்தார். அப்புறம் சாவிக்காரர் காய்கறிப் பைக் கதையையும் சொன்னார். அதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார்கள். இல்லை. கள்ளக்கம்பியால் திறந்தாலும் சட்டத்தின் கணக்கில் உடைத்ததுதான் என்று தீர்ப்பில் பொறுமையாக விளக்கியிருந்தது. இரண்டு வருஷம். அப்பீல் செய்யலாம் என்றார் வக்கீல். அவர் குரலிலேயே தெம்பில்லை.

தண்டனை முடிந்து வெளியே வந்தபோது குடையிருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். திருட்டு வழக்கில் உள்ளே போய் வந்தவரிடம் பூட்டைக் கொடுக்க யாருக்குப் பைத்தியம்? மனைவி வேலை செய்யும் அட்டைப்பெட்டிக் கம்பெனியிலேயே மூட்டை தூக்குகிறார். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் களவு போனாலும் ஜீப் முதலில் அவர் வாசலில்தான் வந்து நிற்கிறது.

போன வாரமும் நின்றது. சாவிக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, வக்கீல் சொல்லிக்கொடுத்ததை இந்தத் தடவை ஒழுங்காக ஒப்பித்தார்: "நான் எதுவும் பேசாம இருக்கலாங்கய்யா. அது என் உரிமை."

"தாராளமா" என்றார் ஏட்டு. "ஏறு, போய்க்கிட்டே பேசாம இருக்கலாம்."

மனைவி சாப்பாட்டு டப்பாவை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.