ஆறு சில்வர் ஓக் மரங்கள்

சித்திரை முடியும் சமயம். பால் வாங்கிக்கொண்டு திரும்பிய ஜெசிந்தா, செம்மேடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பொதுத்தோப்பில் இரண்டு மரங்கள் மொட்டையாக நிற்பதைப் பார்த்தார். பக்கக் கிளைகள் அத்தனையும் தரையில் கிடந்தன. ஏணி மேல் அரிவாளோடு நின்றவர் அப்பாசாமி.

ஜெசிந்தாவுக்கு அறுபத்தாறு வயது. மணப்பாறைப் பக்கத்திலிருந்து கிராமச் செவிலியராக மலைக்கு வந்தவர். பெரக்கரை நாட்டு ஊர்கள் வரை நடந்தே போய்த் தடுப்பூசி போட்டார், பிரசவம் பார்த்தார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். ஓய்வு பெற்றதும் செம்மேட்டிலேயே வாடகை வீட்டில் தங்கிவிட்டார். மாதப் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகள் பஸ்ஸுக்காக வெயிலில் குந்தியிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சந்தைக் குப்பை கொட்டிக்கிடந்த அந்தப் புறம்போக்கைத் துப்புரவு செய்யத் தொடங்கினார். ஆறு சில்வர் ஓக் மரங்கள் முன்பே அங்கே நின்றன. நிழலில் கல் பெஞ்சு போட வைத்தார். ஓரத்தில் செடிகள் நட்டார். தண்ணீர் ஊற்ற வருவதாக ஊரே தலையாட்டியது. வந்தது அப்பாசாமி ஒருவர்தான். நான்கு கோடையும் குடம் சுமந்தார்.

அதனால் ஜெசிந்தாவுக்கு உடனே சத்தம் போட வரவில்லை.

"என்னங்க இது, அப்பாசாமி?"

"கவாத்துங்க, சிஸ்டர். இந்த வருசந்தான் மொதக் காய்ப்பு. மொளகுக் கொடிக்கு வெளிச்சம் வேணுமில்லீங்களா?"

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

"ஏனுங்க, உங்களைக் கேட்டுத்தானுங்களே மொளகு நட்டேன்? வைங்க, பச்சையா அழகா இருக்கும்னீங்களே."

சொன்னது உண்மைதான். மூன்று ஆண்டுக்கு முந்தைய மழைக்காலத்தில் சொன்னது. கொடியை அழகுக்கு என்று ஜெசிந்தா நினைத்திருந்தார். மலையிலோ, மரத்தில் மிளகு ஏற்ற ஒருவரை விட்டால் கொடி இருக்கும்வரை அந்த மரம் அவர் பொறுப்பு. கிளை கழிப்பதும் அவர், காய் பறிப்பதும் அவர். எந்த வீட்டுப் பெண்ணுக்கு இரத்தம் குறைவு என்று தெரிந்த ஜெசிந்தாவுக்கு இது தெரியாது. இது தெரியாத ஒரு ஆள் இருப்பார் என்று அப்பாசாமிக்கும் தோன்றவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெஞ்சில் வெயில் அடித்தது. பரிசோதனைக்கு வந்த பெண்கள் மறுபடியும் கடை வாசல்களில் ஒண்டினார்கள்.

எதிர்க்கடை செங்கோடன் நேராகவே வந்துவிட்டார். "அப்பாசாமிக்கு ரெண்டு குடுத்தீங்க. அந்தத் தெக்கால மரம் எனக்குங்க, சிஸ்டர். நானென்ன வேத்தூரா?"

"நான் யாருக்கும் குடுக்கல. அது என் மரமா குடுக்கறதுக்கு?"

"அதையேதானுங்க நானும் சொல்றேன். உங்க மரம் இல்லீங்கல்ல?"

கோடை மழை பெய்த மறுநாள் மூன்றாவது மரத்தடியில் ஒரு மிளகுக் கொடித் துண்டு நட்டிருந்தது. ஜெசிந்தா பிடுங்கினார். அடுத்த நாள் நான்காவதன் அடியில் இரண்டு. அதையும் பிடுங்கினார். மனு எழுதிக்கொண்டு போனார். ஓர் அலுவலகத்தில் மரம் தங்களுடையது இல்லை என்றார்கள். இன்னொன்றில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, அவர் சேவையைப் பாராட்டிவிட்டு, நல்ல மிளகு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

திரும்பி வந்து அப்பாசாமியைப் பிடித்தார்.

"உங்க கொடியை எடுத்துடுங்க. அது நிக்கிறவரைக்கும் நான் யார் வாயை அடைக்கிறது?"

"காய்க்கப் போற கொடிங்க. தை மாசம் பறிச்சுட்டு எடுத்தர்றேனுங்க."

"தை வரைக்கும் மிச்ச நாலு மரம் நிக்காது. ஆளுக்கொண்ணு பிரிச்சுக்குவாங்க."

அப்பாசாமி குடத்தைக் கீழே வைத்தார். "நாலு வருசம் தண்ணி தூக்குனேன். ஒருத்தன் எட்டிப் பாக்கல. அதுக்கு ரெண்டு மரம் ஆகாதுங்களா?"

நியாயமான கேள்வி. இருந்தும் ஜெசிந்தா சொன்னார்: "ஆகாதுங்க. உங்களுக்கு ஆகும்னா செங்கோடனுக்கும் ஆகும்."

அப்பாசாமி வீட்டுக்குப் போய் அரிவாளோடு வந்தார். கொடிகளைத் தரையோடு வெட்டி, மரத்திலிருந்து உரித்து இழுத்து, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். செங்கோடன் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் எந்த மரத்தடியிலும் துண்டு முளைக்கவில்லை. அப்பாசாமியும் வரவில்லை.

மொட்டை மரங்கள் மறுபடி நிழல் தர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். மற்ற நாலும் தப்பின. செடிகளுக்குத்தான் ஆள் இல்லை. ஜெசிந்தா அரைக்குடமாகச் சுமந்தார். மூன்றாவது நடையில் முழங்கால் வீங்கியது. தண்ணீர் ஊற்ற வருவதாகத் தலையாட்டியவர்களில் இரண்டு பேர் ரோட்டிலிருந்து கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள்.

குழாயடியில் அப்பாசாமியின் மனைவி அத்தாயி நின்றிருந்தார். "ஊட்டுல ஒரே மொணமொணப்புங்க, சிஸ்டர். உங்க மேல அவருக்கு அத்தனை கோவம்."

"இருக்கட்டும். கோவத்தோடயே வந்து ஊத்தச் சொல்லு. செடிக்கு என்ன தெரியப் போகுது?"

அத்தாயி சிரித்துவிட்டார். "சொல்றனுங்க. ஆனா வரமாட்டாருங்க."

"தெரியும்," என்றார் ஜெசிந்தா. குழாயை மூடிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். இன்னும் பதினோரு செடி பாக்கி.