சுகன்யாவின் கடற்கரைச் சட்டமூலம்

நாட்டில் சண்டை ஓய்ந்த பிறகு எங்கள் பாடசாலையில் கூடும் முதலாவது மாணவர் பாராளுமன்றம் இன்று. சபாநாயகர், ஆசிரியரான நான்தான்.

உயர்தர வகுப்புச் சுகன்யா ஒரு சட்டமூலம் கொண்டுவந்தாள். நாடு முழுவதும் கடற்கரையோரத்தில் எவரும் குடியிருக்கக்கூடாது.

அவளுடைய தம்பி சுனாமியில் போனவன். சபையில் எல்லோருக்கும் அது தெரியும். எதிர்த்துப் பேச யாரும் எழும்பவில்லை.

கடைசியில் அவளுடைய சிநேகிதி தர்சினி எழும்பினாள். செட்டிபாளையத்து மீனவரின் மகள்.

"அவட தம்பிய நானும் தூக்கித் திரிஞ்சவள்தான் சேர். சுனாமிக்குப் பிறகு எங்களுக்கும் கடலுக்குத் தூரத்துல வீடு தந்தாங்க. அங்கயிருந்து விடியக்காலையில தொழிலுக்கு வர ஏலாதெண்டு அப்பா கரையில ஓலைக் குடிசையா ஒரு வாடி போட்டுப் படுக்கிறார். சட்டம் வந்தாலும் அவர் அங்கதான் படுப்பார். நாங்கதான் தூரத்துல இருப்பம்."

சுகன்யா என்னைப் பார்க்காமல் அவளிடமே கேட்டாள்.

"அப்ப இன்னொருக்கா கடல் வந்தா என்னகா செய்யிற?"

"முதல்ல அப்பாக்குச் சொல்லணும்கா. அவ்வளவுதான்."

சுகன்யா தன் தாளில் இருந்ததையெல்லாம் வெட்டினாள். ஒரே வரி எழுதி வாசித்தாள்: "கடலில் மாற்றம் தெரிந்தால், கரையில் படுப்பவர்களுக்கே முதலில் அறிவிக்க வேண்டும்."

ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்தே கை தூக்கின. தர்சினி இரண்டு கைகளையும் தூக்கினாள்.

அதை ஒரு வாக்காக எடுப்பதா, இரண்டாக எடுப்பதா? சட்டம் தெரிந்தவர்கள் கீழே கருத்தில் சொல்லுங்கள். எண்ணுகிற நேரத்தில் சபாநாயகருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.