நடக்கும்போது சம்சாரம் வரவேண்டும்

ஊரை நடக்கவைத்துப் பிழைப்பவனுக்குத் தான் நடக்க மட்டும் நேரமிருக்காது. எங்கள் பிசியோதெரபித் தொழிலின் லட்சணம் அது. மனைவி மஸ்கட்டில் வேலையை விடவில்லை. நான் மட்டும் தொந்தியோடு திரும்பி, கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியின் மாடியில் கடை விரித்திருக்கிறேன். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களை, டாக்டர் சொன்ன அளவுக்கு நடக்கப் பழக்குவது வேலை. படியேறினால் மூச்சு வாங்கும் சகோதர சகோதரிகளே, இது நம் கதை.

ஆயிரம் அடுப்பு

மைட்டோகாண்ட்ரியா என்றால் கேட்பவருக்குக் கொட்டாவி வரும். அதனால் அடுப்பு என்பேன். தசையின் ஒவ்வொரு செல்லிலும் குட்டிக் குட்டி அடுப்புகள். தின்றதை மூச்சுக்காற்றோடு சேர்த்து எரித்துச் சக்தி தருபவை. படுத்தே கிடந்தால் ஒவ்வொன்றாக அணையும், தினமும் நடந்தால் பெருகும். கால் தசை தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தால் இதயத்துக்குப் பாரம் குறையும். லீவே எடுக்காத இதயத்தில்தான் அடுப்புகள் நெருக்கம்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ராமநாதன், பாலக்காட்டுக்காரர், கண்மூடிக் கேட்டார். புரிந்துவிட்டது என்று பூரித்தேன். வயிற்றைத் தடவியபடி கண் திறந்தார்: "அடுப்பெல்லாம் சரி சாரே, எனக்கு ஏற்கெனவே கேஸ் டிரபிள்!"

பூக்கூடையோடு வந்தவர்

செல்லத்துரை தென்காசிப் பக்கத்துக் கொத்தனார். காக்கநாட்டில் கட்டட வேலை. மாரடைப்புக்குப் பிறகு, அசைந்தால் இதயம் நின்றுவிடும் என்று கட்டிலைவிட்டு இறங்கவே பயந்தார். சாரத்தில் ஏறாவிட்டால் பிழைப்பில்லை என்பது அதைவிடப் பெரிய பயம். "மெதுவா நடங்க. நடக்கிறப்ப சம்சாரம் வரணும். வரலேன்னா வேகம் ஜாஸ்தி" என்றேன்.

மறுநாள், நான் நடை பழக்கும் படகு ஜெட்டிக்கு அவர் மனைவி மாரியம்மாளும் பூக்கூடையோடு வந்தார். தினமும் வந்தார். என்ன பாசம் என்று உருகினேன். ஒருநாள் கூடையை என் முன்னால் இறக்கினார்: "ஏன் சார், நான் பின்னாலயே வந்தாத்தான் இவுகளுக்கு ஹார்ட்டு ஓடுமா? பூவெல்லாம் வாடுது!"

சாரமும் சம்சாரமும்

அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. நடந்துகொண்டே பேச முடிந்தால் வேகம் அளவோடு இருக்கிறது என்று சொல்ல வந்தேன். இரண்டு மொழியில் படித்தவன், இரண்டையும் கலந்து ஒரு குடும்பத்தையே ரோட்டில் இறக்கியிருக்கிறேன்.

விளக்கிய பிறகும் செல்லத்துரை தனியே நடக்க மறுத்தார். மாரியம்மாள் திட்டிக்கொண்டே கூட நடந்தார். முதலில் "ம்" மட்டும் போட்ட கணவர், போகப்போகத் திட்டுக்குத் திட்டு பதில் சொன்னார், மூச்சு வாங்காமல். இத்தனை துல்லியமான கருவி மஸ்கட்டில்கூடக் கிடையாது. ஒருநாள் கேட்டார்: "சார், சம்சாரம் நல்லா வருது. சாரம் எப்ப?"

மேலே போகலாம்

டாக்டர் சோதித்துப் பார்த்து, வேலைக்குப் போகலாம் என்ற அன்று இருவரும் நேரே என்னிடம் வந்தார்கள். கீழே சாயா குடித்துக்கொண்டிருந்த நான், வாருங்கள் மேலே போகலாம் என்று முன்னால் ஏறினேன். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றேன். வாழ்த்துச் சொல்ல வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. என்னைத் தாண்டி மேல்படிக்குப் போயிருந்த மாரியம்மாள் திரும்பிப் பார்த்தார்: "அய்யய்யோ சார், உங்களுக்குச் சம்சாரம் வரலியே!"

உண்மைதான், எனக்கு அது இரண்டு மொழியிலும் வரவில்லை.