படத்தில் இல்லாத சாமி அறை

மாமா டவுன் கவுன்சில் தேர்தலில் நின்றபோது, எங்கள் ஊர் காஜா பேராங் ஜனங்கள் அவரை 'பிளான்காரர்' என்றுதான் சொன்னார்கள். ஜப்பான் சண்டைக்கு முன்பிருந்தே டவுன் ஆபீசில் வீட்டுப் பிளான் வரைந்தவர். சயாமிலிருந்து திரும்பியபின் பென்சிலைத் தொடவில்லை. விரல்கள் மடங்கிப் போயிருந்தன. வீடில்லாதவர்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியே அரசியலுக்குப் போய்விட்டார். இரண்டு தடவை ஜெயித்தார். அந்த விரல்கள் அப்படி ஆனதற்குக் காரணம் நான். முருகன் அறிய எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். எனக்கு எட்டு வயது. மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர், பக்கத்து ஊரான செமாபோக்கில் தனியாக இருந்தார். எங்கள் தெரு வீடுகளை அறை அறையாக வரைந்து தரச் சொல்லி அவருக்கு உத்தரவு. படுக்கும் அறைக்கு ஓர் ஆள் என்று எண்ணி, சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போவார்களாம். எங்கள் வீட்டில் எல்லோரும் கூடத்தில்தான் படுப்போம். அப்பாவுக்கு வேலையும் இல்லை, ஆளைப் பிடிக்காமல் காக்கும் ஆபீஸ் சீட்டும் இல்லை. பகலெல்லாம் பின்னாலிருந்த சாமி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாமா எங்கள் மேசையில்தான் படத்தை முடித்தார். அப்பா எட்டிப் பார்த்தார்.

"மச்சான், காகிதத்துல வீடு ஜோராத்தான் இருக்கு. மழைக்கு ஒழுகாதுல்ல?"

"ஒழுகாது அத்தான். பின்பக்கம் ஒண்ணுமே இல்லையே."

அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

மாமா மரவள்ளிக்கிழங்கு சாப்பிட உள்ளே போனார். நான் படத்தைப் பார்த்தேன். கூடம் இருந்தது, அடுப்படி இருந்தது, கிணறு இருந்தது, சாமி அறையைக் காணோம். சாமி இல்லாத வீடு விளங்குமா? பாவம், மாமா மறந்துவிட்டார் என்று அவர் பென்சிலாலேயே ஒரு கட்டம் போட்டு, உள்ளே ஒரு வேலும் வரைந்து, காகிதத்தைச் சுருட்டி வைத்தேன். மாமா பிரித்துப் பார்க்காமல் எடுத்துப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஜப்பான் அதிகாரி வந்தான். கூடவே மலாய் பேசும் ஒருவரும் மாமாவும். அதிகாரி நான் வரைந்த வேலின்மேல் விரலை வைத்து ஏதோ கேட்டான். நான்தான் வரைந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா என்னைத் தம் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு மலாயில், அது தாம் படுக்கும் அறை என்றும், படுக்கும் அறை என்று குறிக்காமல் மறைத்தது தம் தப்பு என்றும் சொன்னார்.

மாமா கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவருடைய ஆபீஸ் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அறைக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டதால், அந்தக் கதவை அவர்கள் திறக்கவே இல்லை. அப்பா உள்ளேதான் இருந்தார்.

அம்மா ஒரு சாரோங் கைலியையும் துண்டையும் சுருட்டிக் கொடுத்தார். மாமா என் முன்னால் குனிந்தார்.

"பாப்பா, மாமாவுக்குத் திருநீறு பூசி விடும்மா."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்த அறையில் மாமா ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. சாமியை வைத்துக்கொண்டு இப்படிப் புளுகுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். மாமா கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, வெளியே நின்ற அவர்கள் லாரியில் போய் ஏறிக்கொண்டார்.

அன்று விளக்கு வைத்ததும் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மாமா சொன்ன பொய்யை மன்னித்துவிடும்படி வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அவரையும் சேர்ந்து கும்பிடச் சொன்னேன்.