சத்தம் நின்ன வேன்

சைலன்சர் வேலைக்காரனைத் தேடி யாரும் சந்தோஷமா வர்றதில்லீங்க. கல்யாணத்துக்கு முந்தின நாள் பல்வலி கண்டவன் மாதிரி மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத்தான் வருவாங்க. ஓட்டைக் குழாயோட மேடு ஏறுற உங்களுக்கு நான் சொல்லணுமா? நம்ம மலையகத்துல, அட்டன்லேருந்து வட்டவளைக்கு இறங்குற ரோட்டோரமா ஒரு தகரக் கொட்டகையில முப்பது வருசமா இந்த வேலை பாக்குறேன். படிச்சது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு. மிச்சத்த வண்டிங்கதான் சொல்லிக் குடுத்துச்சு, அதுல ஒண்ணு ரொம்ப லேட்டா சொல்லிச்சு.

சாரோட ரெண்டு ஞாயித்துக்கிழமை

யாழ்ப்பாணத்துலேருந்து வந்து இங்க படிப்பிக்கிற சார் ஒருத்தர், பழைய கார் வச்சிருக்கார். நம்ம ஊர் மழையும் சேறும் வெளியில அரிக்கும். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓடுற வண்டியில குழாய் நல்லா சூடேறாது, தண்ணி உள்ளயே தங்கி உள்ளேருந்தும் அரிச்சுப்புடும். கார் உறுமிச்சு. சார் என்கிட்ட வரல. புது சைலன்சர வாங்கி, ஃபோன்ல படம் பாத்து, குவாட்டர்ஸ் வாசல்லயே வேலையத் தொடங்கிட்டார்.

முதல் ஞாயிறு முழுக்க நட்டு கழட்டவே போயிருச்சு. ஒரு போல்ட் முறிஞ்சு, அத மட்டும் எடுக்க என்னைக் கூப்பிட்டார். போனா, கார் நாலு கட்டை மேல அசையாம நிக்குது, சார் சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு அடியில கெடக்கார். ரெண்டாம் ஞாயிறு மாட்டி முடிச்சதும் எஞ்சின ஓட விட்டு, வேடிக்கை பாக்கப் போன என்னைப் பின் குழாய ஈரத்துணியால கொஞ்ச நேரம் பொத்தச் சொல்லிட்டு, ஒவ்வொரு மூட்டுலயும் சோப்புத் தண்ணி தடவி எங்க நுரை வருதுன்னு பாத்தார். நான் சிரிச்சேன். அவர் கையத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "ஐஞ்சு வருசமா ஓடுற காருக்குக் கீழ என்ன கிடக்கெண்டு இண்டைக்குத்தான் கண்டனான், பாஸ்."

என் வாயிலேருந்து வந்தது

சார் செஞ்சதப் பாத்த பிறகு எனக்கும் ஒரு நெனப்பு, இத வீட்டுலயே செய்யலாம்தானேன்னு. அந்த நேரம் பாத்து ராஜேந்திரன் வந்தான். வேலைக்கு ஆள் பத்தாத தேயிலைத் தோட்டங்களுக்கு, லயத்து வீடுகள்லேருந்து பொம்பளைங்கள ஏத்திக்கிட்டுப் போற வேன்காரன். அவன் தங்கச்சி புஷ்பமும் அதே வேன்லதான் கொழுந்தெடுக்கப் போவா. வேன் வர்ற சத்தம் மூணு வளைவுக்கு முன்னாடியே கேக்குது. படுத்துப் பாத்தேன். நடுக்குழாய் அப்பளம் மாதிரி நொறுங்குது. வெல்டிங் வச்சா நிக்காது, முழுசா மாத்தணும். வண்டி ரெண்டு நாள் நிக்கணும்.

"ரெண்டு நாள் நின்னா வேற வேன்காரன் பூந்துருவான் பாஸ். காலையில பெரட்டுக் களத்துல பேர் கூப்பிடுற நேரத்துக்கு நான் ஆளுங்கள இறக்கணும்"னான். எனக்கும் அன்னைக்கு மூணு வண்டி வரிசையில. "பால்மா டின்ன வெட்டி விரிச்சு, குழாயச் சுத்திக் கட்டு. மேல சிமெந்து பூசு. சத்தம் நின்னுரும். தீபாவளி கழிச்சுக் கொண்டா"ன்னு நான்தான் சொன்னேன். சத்தத்தப் பத்தி மட்டுந்தான் சொன்னேன். அவன் சந்தோஷமாப் போனான்: "இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் இவ்வளவு தூரம் வந்தே இருக்க மாட்டேனே பாஸ்."

ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு கொட்டகைப் பக்கம் வேன நிறுத்தினான், டயருக்குக் காத்தடிக்க. சத்தம் நல்லா அடங்கியிருந்துச்சு. உள்ள பத்துப் பொம்பளைங்க, ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்த மூக்குல வச்சுக்கிட்டு. நம்ம பக்கம் அது புதுசா? வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டுல தலை சுத்தும், வாந்தி வரும், எலுமிச்சை மோந்தா அடங்கும். அதுக்கு மேல யாரும் யோசிக்கிறதில்ல. மூடுபனி அடிச்சா கண்ணாடிய இறுக்கி மூடுவோம், உடைஞ்ச கண்ணாடிக்குப் பொலித்தீன் ஒட்டுவோம்.

புஷ்பம் இறங்கி வந்து சுவத்துல சாஞ்சுக்கிட்டா. "என்னமோ தெரியல மாமா, சின்னதுலேருந்து இந்த ரோட்டுலதான் போறேன். இப்பத்தான் இப்படி. வேன்ல ஏறினா மண்டையிடி, இறங்கி மலை ஏறினா சரியாப் போயிருது"ன்னா. வியாதிய அவ வாயாலயே சொல்லிட்டா. முப்பது வருசம் புகையில கெடந்த எனக்கு அது உறைக்கல. "வயசாகுதுடி உனக்கு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ராஜேந்திரன் ஹாரன் அடிச்சான்: "அப்ப நாளையிலேருந்து நடந்தே வா தாயி, நான் பின்னாடி மெதுவா வர்றேன்."

பின் சீட்டு

அடுத்த வாரம் ஒரு காலையில மரம் விழுந்து ரோடு அடைபட்டுருச்சு. வேன் நின்னுச்சு, எஞ்சின் நிக்கல. பேட்டரி வீக்கு, நிறுத்தினா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும், ஏத்தத்துல யாரு தள்றது? புஷ்பம் அன்னைக்கும் வாந்தி எடுத்தா. பாவம்னு கடைசி நீள சீட்டுல படுக்க வச்சு, கம்பளியப் போத்தி, குளிர் உள்ள வராம கண்ணாடியெல்லாம் மூடிட்டு, ராஜேந்திரனும் மத்தவங்களும் மரம் வெட்டுறதப் பாக்க இறங்கிட்டாங்க.

முக்கால் மணி நேரம். திரும்ப ஏறினப்ப அவ தூங்குறான்னு நெனச்சாங்க. எழுப்பவும் ஒருத்தருக்கும் மனசு வரல. விடியுமுன்ன எந்திரிச்சு அடுப்பு வேலையெல்லாம் முடிச்சிட்டு வந்த புள்ள, தூங்கட்டும்னு விட்டாங்க. ரெண்டு கண்ணாடியத் தொறந்து, வெட்டிப் போட்ட மரத்த எட்டிப் பாத்துக்கிட்டே போனாங்க. பெரட்டுல அவ பேரக் கூப்பிடும்போதுதான் ஓடிவந்து உலுக்கியிருக்காங்க. பக்கத்து சீட்டுல போன செல்லம்மா என்கிட்ட சொன்னது இது: "கன்னம் ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சுங்க, காய்ச்சல் விட்டு நல்லாத் தூங்குற புள்ள மாதிரி."

எழவு வீட்டுல

ஆஸ்பத்திரியில, வண்டிப் புகையாலதான் உசிர் போச்சுன்னு சொல்லிட்டாங்க. விசாரணையில வேன யாரு பழுது பாத்ததுன்னு கேட்டாங்க. ராஜேந்திரன் "நானேதான், வீட்டுலயே செஞ்சேன்"னான். நான் அங்கதான் கூட்டத்துல நின்னேன். வாய் திறக்கல. இத எழுதுறப்பவும் அந்த எடத்துல பென்சில் நின்னு போகுது.

மூணாம் நாள் லயத்துக்குப் போனேன். அவன் முன்வாசல் ஸ்தோப்புல உக்காந்திருந்தான். திட்டுவான், சட்டையப் பிடிப்பான்னு எதிர்பாத்துத்தான் போனேன். அவன் எழும்பி நாற்காலி எடுத்துப் போட்டான், டீ கொண்டாரச் சொன்னான். அப்புறம் கணக்கு ஒப்புவிக்கிற புள்ள மாதிரி மெதுவாச் சொன்னான்: "நீங்க சொன்ன மாதிரியேதான் கட்டினேன் பாஸ், சத்தமே வரல."

கழட்டிப் பாத்தது

விசாரணை முடிஞ்சு போலீஸ்ல வேன விட்டாங்க. புதுக் குழாய் மாட்ட எங்கிட்டயே கொண்டாந்தான். வேற கராஜுக்குப் போயிருக்கலாம், போகல. நானும் என்கூட வேலை செய்யிற சுனிலும் கழட்டினோம். ராஜேந்திரன் கட்டியிருந்த கட்டு அவ்வளவு சுத்தம். கம்பி ஒவ்வொரு சுத்தும் ஒரே இடைவெளி, சிமெந்து கையால தடவித் தடவிப் பூசியிருக்கு. அடியிலயும் பக்கத்துலயும் ஒரு ஊசி போகாது. மேல் பக்கத்துல மட்டும், டின் தகரத்தோட ரெண்டு முனையும் சேராம, மூணு விரல் போற ஓட்டை. அதுக்கு நேர் மேல வேனோட தரைத் தகரம் துரு தின்னு போயிருக்கு. அத மறைச்சு பாய் விரிச்சிருந்தாங்க. அதுக்கு மேலதான் அந்த நீள சீட்டு.

சுனில் சிங்களப் பையன், நம்ம தமிழ் அரைகுறையா வரும். கழட்டின டின் தகரத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "வேலை நல்லாத்தான் செஞ்சிருக்கு பாஸ், கீழ படுத்துப் பாக்கிற ஆளுக்கு மேல் பக்கம் எப்படித் தெரியும்?"

இப்போ

வீட்டுலயே மாத்தலாமான்னு இப்பவும் கேக்குறாங்க. வேணாம்னு நான் சொல்றதில்ல. கட்டை வைங்க, ஜாக்கிய மட்டும் நம்பாதீங்க. குழாய முழுசா மாத்துங்க, கட்டாதீங்க. சார் பாத்த மாதிரி ஈரத்துணியும் சோப்புத் தண்ணியும் வச்சுப் பாருங்க. தரைத் தகரத்த, பாயத் தூக்கிப் பாருங்க. என்கிட்ட கொண்டாந்தா நானும் இதையேதான் செய்வேன். முடிஞ்சதும் கண்ணாடியெல்லாம் மூடிட்டு, எஞ்சின ஓட விட்டு, கொஞ்ச நேரம் கடைசி சீட்டுல நானே உக்காந்திருப்பேன். போன மாசம் ஒரு வேன்காரர் அவசரத்துல முணுமுணுத்தார்: "குழாய் மாத்தத்தான் வந்தேன், இவரு என்னடான்னா வண்டிக்குள்ள தவம் இருக்காரு."

வீட்டுல செஞ்சாலும் கராஜ்ல செஞ்சாலும் பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்லீங்க: வீட்டுல செஞ்சவன் தப்ப அவன் குடும்பம் சுமக்குது, கராஜ்காரன் தப்பையும் அதே குடும்பம்தான் சுமக்குது.