துஷாந்தினியின் ஐந்து மடங்கு

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றில் வளர்ந்த துஷாந்தினி பௌதிகவியல் ஆய்வு மாணவி. கண்ணாடித் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்களைப் படியவிடுவது அவள் வேலை. ஒளி பட்டால் அந்தத் துகள்களை ஒட்டி வெளிச்சம் பல மடங்கு பெருகும். எத்தனை மடங்கு என்று நேரே அளக்க முடியாது. அதனால் மேலே ஒளிரும் சாயம் பூசி, லேசரை அடித்து, சாயத்தின் பிரகாசத்தை அளப்பாள்.

வெறும் கண்ணாடியைவிட வெள்ளித் தகடு நாற்பது மடங்கு பிரகாசித்தது. அவளுடைய மேற்பார்வையாளர் பேராசிரியர் சிவபாதசுந்தரத்துக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. இருவர் பெயரிலும் அதைக் கட்டுரையாக்கி ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்பிவிட்டார்.

துஷாந்தினிக்கு மனம் ஒப்பவில்லை. கரடுமுரடான வெள்ளியில் சாயம் கூடுதலாக ஒட்டியிருந்தால்? இரண்டு தகடுகளின் சாயத்தையும் மதுசாரத்தில் கழுவியெடுத்து ஒப்பிட்டாள். வெள்ளியில் எட்டு மடங்கு சாயம் இருந்தது. ஆக, வெளிச்சம் பெருகியது ஐந்து மடங்குதான்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

“எல்லாரும் இப்பிடித்தான் எழுதுறவை. அஞ்சு எண்டால் ஆர் திரும்பிப் பாக்கப் போகினம், பிள்ளை?” என்றார் அவர்.

“வெளிச்சம் அஞ்சு மடங்குதான் சேர். மிச்சம் சாயம். நாப்பதுன்னு போட்ட கட்டுரையில என் பேர் வேணாம்.”

அப்படியானால் அவளுடைய புலமைப்பரிசிலை நீடிக்கத் தான் சிபாரிசு செய்யப் போவதில்லை என்றார். அன்று மாலையே அவள் நாற்பது தவறு என்று மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினாள், அவருக்கும் ஒரு பிரதி வைத்து. கட்டுரை நீக்கப்பட்டது. ஆய்வுகூடச் சாவியை அவர் திருப்பி வாங்கிக்கொண்டார்.

மட்டக்குளி ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அம்மா ஜெயராணி பயந்துபோனார். சேரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றார்.

“எதுக்கும்மா? சரியா அளந்ததுக்கா?”

வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பு எடுத்துக்கொண்டே, மேற்பார்வையாளரை மாற்றித் தரும்படி பல்கலைக்கழகப் பீடத்தை விடாமல் நச்சரித்தாள். கடைசியில் விரிவுரையாளர் ஷாமிலா அவளைப் பொறுப்பேற்றார். அளவீடு முழுவதையும் முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் ஐந்துதான் வந்தது.

துறைக் கருத்தரங்கில் முன்வரிசையில் சிவபாதசுந்தரம் அமர்ந்திருக்க, சாயத்தைக் கழுவிப் பார்த்த கதையிலிருந்தே அவள் தொடங்கினாள். ஐந்து மடங்கு என்பது மிகக் குறைவில்லையா என்று ஒருவர் கேட்டார்.

“கொறைவுதான் சேர். ஆனா இவ்வளவும் வெளிச்சம்.”

அந்த ஐந்து பின்னர் ஒரு சிறிய ஆய்விதழில் அவள் பெயரில் வெளிவந்தது. நடைபாதையில் எதிர்ப்பட்டால் பேராசிரியர் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவள் ஒதுங்குவதில்லை. “குட் மோர்னிங் சேர்” என்று நன்றாகக் கேட்கும்படி சொல்லிவிட்டே போகிறாள்.