சோறு தின்ற செம்மறி

விருத்தாசலம் மாட்டாஸ்பத்திரியில் நான் நாலு வருஷம் உதவியாளனாக இருந்தேன். மருந்து எடுத்துக் கொடுப்பது, ஊசி போடும்போது ஆடு மாடுகளைப் பிடித்துக்கொள்வது, சீட்டு எழுதுவது, இவைதான் என் வேலை. கைப்பேசி எல்லார் கைக்கும் வந்திராத காலம் அது. அப்போது வந்த ஆடுகளில் ஒன்றே ஒன்றுதான் இன்னமும் எனக்கு அடையாளம் தெரிகிற மாதிரி மனசில் நிற்கிறது. நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள ஒரு பெட்டைச் செம்மறி.

ஒரு வியாழக்கிழமை, உச்சி வெயில் ஏறுகிற நேரத்தில், ஷேர் ஆட்டோவில் அதை மடியில் கிடத்திக்கொண்டு ஒருவர் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். முழங்கை வரைக்கும் வெள்ளைக் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. செராமிக் பேட்டையில் ஃப்யூஸ் கட்டைக்கு அச்சு வார்க்கிற வேலையாம். ஆடு படுத்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பவும், கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கிறார்.

ஆட்டின் இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. பின்னங்கால் முழுக்கப் பேதி, புளித்த மாவு வாடை.

டாக்டரம்மா வயிற்றில் கையை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எப்பலேருந்து அசை போடல?"

"நேத்து ராத்திரிலேருந்துங்கம்மா."

"என்ன குடுத்தீங்க?"

"கெட்டது ஒண்ணும் குடுக்கலைங்கம்மா. நான் சாப்புடறதுதான் அதுக்கும். காலைல இட்லி, பன்னு. ராத்திரிக்குச் சோறு. நேத்து மாதா கோயில் திருநாவுக்கு சாப்பாடு போட்டாங்க, ஒரு தூக்குச் சட்டி நெறைய வாங்கியாந்து வச்சேன். ஆசையா தின்னுச்சு."

நான் சிரித்துவிட்டேன். இட்லி தின்கிற ஆடு என்று சத்தமாகவே சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். தான் என்ன தப்புச் செய்தோம் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்கிற பார்வை. அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. "அய்யா, நம்ம வயிறு வேற, ஆட்டு வயிறு வேற. அது வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடிக்கணக்குல இருக்குது. வைக்கோலு, கொடி, தழை, இந்த மாதிரி நாரு உள்ள போனாதான் அதுங்க வேலை செய்யும். ஆடும் நாரக் கடிச்சாதான் அசை போடும். வெறும் சோத்தக் கொட்டினா எல்லாம் புளிச்சு, உள்ள இருக்கற நல்ல உசுருங்க செத்துப் போயிடும்" என்றார்.

"அது பொழைக்குமாம்மா?"

"பாப்போம்."

சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டினோம். ஊசி போட்டோம். மாலை வரைக்கும் வேப்பமர நிழலில் ஆட்டின் தலையைத் தொடையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தவர் குடிக்கவே இல்லை. அப்போதுதான் பேச்சுக் கொடுத்தார். பிள்ளைகள் இல்லை. மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போவதற்கு முந்தின வாரம் இந்த ஆட்டைக் குட்டியாக வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"வூட்ல வேற யாருமில்லைங்க. தட்டப் போட்டு உக்காந்தா வாசப்படியில வந்து நின்னு பாக்கும். அதுக்கு வைக்காம நான் மட்டும் எப்படிங்க சாப்புடறது?"

சாயங்காலம் டாக்டரம்மா மறுபடி பார்த்தார். வயிறு அசையவே இல்லை. ஒரே வழி இருப்பதாகச் சொன்னார். நல்ல ஆரோக்கியமான ஆட்டின் வயிற்றுச் சாறு கிடைத்தால், அதைச் சூடு ஆறாமல் கொண்டுவந்து இதற்குப் புகட்டலாம். செத்துப்போன நுண்ணுயிர்களுக்குப் பதிலாகப் புதியவை உள்ளே போய்க் குடியேறும்.

அப்படிப்பட்ட சாறு கிடைக்கிற இடம் கறிக்கடைதான். அவருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

மறுநாள் விடிந்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவிய ஃபிளாஸ்க்கோடு நானும் அவரும் கடைத்தெருவுக்குப் போனோம். கறிக்கடைக்காரரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு இரண்டு ஆடு அறுத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். என்னோடு வந்தவர் கொக்கியில் தொங்கியதைப் பார்க்க முடியாமல் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பாய் கேலி செய்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இப்பதான் வயித்த எடுத்து வச்சேன், இன்னும் சூடா இருக்குது. காட்டுல மேஞ்ச ஆடு சார், உள்ள பூரா புல்லுதான்" என்றார். வயிற்றைக் கிழித்து, அரைத்த தழை மாதிரி இருந்ததை வெள்ளைத் துணியில் கட்டி அவரே பிழிந்தார். பச்சையாக ஒழுகிய சாறு ஃபிளாஸ்க்கில் நிறைந்தது. மூடியைத் திருகி, திரும்பி நின்றவரின் தோளைத் தொட்டு அவர் கையில் கொடுத்தார். "போங்கண்ணே. சூடு போறதுக்குள்ள ஊத்துங்க. ஒங்க ஆடு பொழைக்கணும்னு இன்னிக்குத் தொழுகையில சொல்றேன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆட்டை முந்தின ராத்திரியே அவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார், அங்கேயே போய்ப் புகட்டினோம். தலையை ரொம்பத் தூக்கினால் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் நான் தாடையை மட்டமாகப் பிடித்துக்கொள்ள, அவர் பாட்டிலால் கடைவாய் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒற்றை அறை ஓட்டு வீடு. அடுப்பில் முந்தின நாள் சாம்பல்கூட இல்லை.

சாயங்காலம் வேலை முடிந்து மறுபடி போனேன். ஆடு எழுந்து நின்றிருந்தது, வயிறும் கொஞ்சம் வற்றியிருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர் மளிகைக் கடையிலிருந்து குரல் வந்தது, "குவைத் போனு!" வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவளுக்குப் பேசக் கிடைக்குமாம். அவர் போகத் தயங்கினார். "நீங்க சொல்லுங்க சார். எனக்கு வாயி வரல" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போய் ரிசீவரைக் கொடுத்துவிட்டார்.

முன்பின் தெரியாத பெண்ணிடம் ஆட்டின் வயிற்றைப் பற்றிப் பேசினேன். திருவிழாச் சோறு, பேதி, கறிக்கடை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டாள்: "சார், சட்டி நெறைய சோத்த ஆட்டுக்கு வச்சிட்டாருன்னா, அன்னிக்கு அவரு என்ன சாப்புட்டாரு?"

பக்கத்தில் நின்ற மனுஷனின் துருத்திக்கொண்டிருந்த கழுத்தெலும்பை அப்போதுதான் நான் கவனித்தேன்.

"அவருகிட்ட குடுங்க."

அவர் பேசியதெல்லாம் "ம்", "சரி", "இல்லம்மா" மட்டும்தான். வைத்துவிட்டு வந்தபோது கண் சிவந்திருந்தது. "ஆட்டுக்கு வைக்கோலப் போடு, நீ சோத்தத் தின்னுன்னு சொல்றாங்க சார்" என்றார்.

அன்றிரவு அவரை என் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். என் மனைவி ஒன்றும் கேட்காமல் இரண்டு கரண்டி கூடுதலாகவே போட்டாள்.

மூன்றாம் நாள் ஆடு அசை போட்டது. அதைச் சொல்வதற்கென்றே அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பக்கத்துக் கிராமங்களில் கடலை பிடுங்கி முடித்த சமயம், காய்ந்த கடலைக்கொடி ஒரு வண்டி வாங்கிப் போட்டார். சாப்பிடும்போது கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லியிருந்தோம். அது வெளியே நின்று கத்துவதைத் தாங்க முடியாமல், பேட்டையில் வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து ராத்திரிச் சாப்பாட்டையும் ஒரு மெஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில். மறு வருஷம் அந்த ஆடு ஒரு குட்டி போட்டது.

எனக்கு சேத்தியாத்தோப்புக்கு மாற்றல் ஆனபிறகு ஒரு தடவை அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் அவரையும் அவர் மனைவியையும் பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்து அவள் வந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. மூன்று பேரும் டீ குடித்தோம். ஆடு, குட்டி என்று பேச்சு ஓடியது. திடீரென்று அவள் சிரித்தபடி சொன்னாள்:

"அங்க எனக்கும் அதே கதைதான் சார். மூணு வேளையும் ரொட்டி, இல்லன்னா அவுங்க தின்னு மிச்சம் வச்ச கறி. கீரை கெடையாது, காய் கெடையாது. வயிறு கல்லு மாதிரி இருக்கும். நாலு நாளு, அஞ்சு நாளு வெளிக்கே போவாது. ஒரு தடவ மயக்கமே போட்டுட்டேன்."

நான் சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். அவர் டீ கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எல்லா வெள்ளிக்கெழமையும் ஆட்டப் பத்தியே சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன். கேக்க நல்லாத்தான் இருந்துது." அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப சரியாயிடுச்சுங்க. வுடுங்க."

விருத்தாசலம் பஸ் வந்தது. கூட்டத்தில் அவர் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து, அவள் ஏறி வருகிற வரைக்கும் அதில் யாரையும் உட்காரவிடாமல் கையை விரித்து வைத்திருந்தார்.